கொடுக்காத பெனால்டி

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிற பழக்கம் என்னை விடவில்லை. போன வாரம் அங்கே இரண்டு இளம் நடுவர்கள் ஓட்டத் தேர்வுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நின்றார்கள். பெரிய போட்டிகளில் இப்போது நடுவருக்குச் சந்தேகம் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, வீடியோவில் திரும்பப் பார்த்து முடிவு சொல்கிறார்களே, அதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"உங்க காலத்துல இது இருந்திருந்தா உங்களுக்கு அந்தக் கெட்ட பேரு வந்திருக்காதுல்லா அண்ணாச்சி?" என்று ஒருவன் கேட்டான்.

என் மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது அப்படி மழுப்பியது சரியில்லை என்று பட்டது. வீடியோ தட்டிவிட்ட காலைக் காட்டும். அந்த நிமிஷம் என் மனதில் இருந்ததைக் காட்டாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

என் பெயர் மிக்கேல். துறைமுகத்தில், வருகிற கப்பலின் கயிற்றை வாங்கிக் கரையில் கட்டுகிற பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். அந்த வேலை எனக்குக் கால்பந்தால் கிடைத்தது. எங்கள் கடற்கரையில் நான் நடுக்கள ஆட்டக்காரன். முன்னால் ஓடுகிறவனுக்குப் பந்தை எங்கே போட வேண்டும் என்பது, அவன் ஓடத் தொடங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இருபது வயதில் ஒரு பெரிய கிளப்பின் தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டார்கள். பதினொரு நாளில், ஓட்டம் போதாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வழியில் நாலைந்து தெரிந்த முகங்கள். "என்னல, எங்க போயிட்டு வார?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் போனதே யாருக்கும் தெரியாது. வந்ததை மட்டும் எப்படித் தெரிந்துகொள்வார்கள்?

பிறகு முழங்கால் கெட்டது. விசிலை எடுத்தேன்.

என் நடுவர் வேலையை அளந்து பார்த்தவர் சாமுவேல் சார். சாயர்புரத்துக்காரர், கணக்கு வாத்தியார். மாவட்டக் கால்பந்து சங்கத்துக்காக நடுவர்களுக்கு மதிப்பெண் போடுகிறவர் அவர்தான். வெள்ளைச் சட்டை, மடித்த குடை. பென்சிலால்தான் எழுதுவார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவர் சத்தம் போட்டிருக்கலாமே என்று நாங்கள்தான் ஏங்குவோம்.

ஒருமுறை ஆறுமுகநேரியில் இறுதியாட்டம். ஒரு பந்து வெளிப்பக்கமிருந்து, தரையில் அடித்த முளை கழன்று பக்கவாட்டு வலையில் விழுந்திருந்த ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டது. நான் கோல் கொடுத்துவிட்டேன். இடைவேளையில்தான் ஓட்டையைப் பார்த்தேன். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் கொடுத்த கோலைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லை. இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டேன். மைக்கையும் வாங்கி, "அது கோல் இல்லை, என்னுடைய தப்பு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தோற்ற அணிக்காரர்கள் என்னை அடிக்க வரவில்லை. கை கொடுத்துவிட்டுப் போனார்கள். மிக்கேல் பொய் சொல்ல மாட்டான் என்கிற பெயர் எனக்கு அன்றைக்கு வந்ததுதான்.

சாமுவேல் சார் தூத்துக்குடி பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டே வந்தார். பஸ் நிலையத்தில் இறங்கியதும் கேட்டார்.

"வலையைப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"எத்தனை முளையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்த?"

"நாலு சார்."

"மொத்தம் எத்தனை?"

"பத்து இருக்கும் சார்."

"அப்ப நீ பார்க்கல" என்று சொல்லிவிட்டுச் சாயர்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மைதானத்துக்குப் போய்விடுவேன். பத்து முளையையும் இழுப்பேன். பந்தை இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் பார்ப்பேன். கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பேன், எங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் கடல்காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டு கைக்கடிகாரம் கட்டுவேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓட மாட்டேன், கையில்தான். கையிலிருந்து வாய்க்குப் போகிற அந்த ஒரு நொடியில், பார்த்ததை மனது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும். அந்த ஒரு நொடியை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜெஸ்வின் எங்கள் தெருப் பையன். அவன் அப்பா லூர்து விசைப்படகு ஓட்டுகிறவர். வாலிபத்தில் என்னோடு இடதுபக்கம் ஆடியவர். ஜெஸ்வின் ஆடியதும் நான் ஆடிய இடம், நடுக்களம்தான். இருபத்தோரு வயதில் அவனை டிவியில் காட்டுகிற பெரிய கிளப் ஒன்று எடுத்துக்கொண்டது, பத்தாம் நம்பர் சட்டையோடு. எங்கள் கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் ஆள் அவன்.

ஊர் அவனைத் தூக்கிக்கொண்டது. அவன் படம் போட்ட பேனர் தெரு முனையில். அவன் ஆடுகிற அன்று கோவில் மண்டபத்தில் பெரிய திரை. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினார்கள். அவனுக்கோ ஆட்டம் வரவில்லை. போட்ட பந்தெல்லாம் எதிராளி காலுக்குப் போனது. பாதி ஆட்டத்தில் வெளியே எடுத்தார்கள். பிறகு வெளியிலேயே உட்கார வைத்தார்கள். டீக்கடையில் அவனைத் திட்டினார்கள், போனில் கண்டபடி எழுதினார்கள். அடுத்த ஆட்டம் வந்ததும் அதே ஆட்கள் திரைக்கு முன்னால் முதல் வரிசையில் இருந்தார்கள். "இன்னைக்கு அடிப்பாம் பாரு" என்பார்கள்.

என் மனைவி ஃபுளோரா அவன் ஆட்டம் இருக்கிற சாயங்காலங்களில் ஜெபமாலை சொல்வாள். நான் நடுவராக நின்ற ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவள் வந்து பார்த்ததில்லை. கேட்டால், "விசில் ஊதுறத என்ன பாக்கது?" என்பாள்.

"ஏளா, அவன் நல்லா ஆடலல்லா. எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா ஆடுதவனுக்கு எதுக்கு ஜெபம்?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அது எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயிக்கிறவன் மேல் பொறாமைப்படுவது ஊரில் உள்ளதுதான். நான் தோற்றுக்கொண்டிருந்தவன் மேல் பொறாமைப்பட்டேன். அவன் போட்ட ஒவ்வொரு தப்புப் பந்துக்கும் ஆயிரம் பேர் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். நான் பதினொரு நாளில் திரும்பி வந்தபோது எனக்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. அவன் பந்தைத் தவறவிட்டால், அந்த இடத்தில் நானாக இருந்தால் எங்கே போட்டிருப்பேன் என்று மனது கணக்குப் போடும். அவன் தவறவிடத் தவறவிட எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். இதைக் கோவிலில் சாமியாரிடம் எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை.

அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன், அந்தக் கிளப் எங்கள் மாவட்ட அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடத் தூத்துக்குடிக்கு வந்தது. ஜெஸ்வினை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்பதை அவர்கள் பயிற்சியாளர் அந்த வாரத்தில்தான் முடிவு செய்யப்போகிறார் என்று லூர்து என்னிடம் சொன்னார். நடுவர் நான். எனக்கு ஐம்பத்தாறு வயது. ஓட்டத் தேர்வில் தேறிக்கொண்டிருந்ததால் மாவட்ட ஆட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். மதிப்பெண் போட சாமுவேல் சார் வந்திருந்தார். மிகவும் தளர்ந்துவிட்டார். குடையை ஊன்றி நடந்தார்.

ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்தி, பூட்ஸின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்ப்போம். ஜெஸ்வின் காலைத் தூக்கிக் காட்டினான்.

"மாமா, நல்லா இருக்கீயளா?" என்றான். "அப்பா சொல்லுவாவ. நீங்க போட்ட பந்து மாதிரி இந்தக் கரையில யாரும் போட்டதில்லன்னு."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கோ யாரோ என் கல்லறையில் பூ வைத்த மாதிரி இருந்தது. "அடுத்த கால்" என்றேன்.

நாலு மணிக்கு ஆட்டம். மதில் மேலெல்லாம் ஆட்கள். வேன் மேலே ஏறி நின்றார்கள். ஃபுளோரா முதல்முறையாக மைதானத்துக்கு வந்திருந்தாள். எனக்காக அல்ல. பெண்கள் பக்கத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

முதல் பாதி முழுக்க ஜெஸ்வின் தடுமாறினான். அவன் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் மைதானம் மூச்சைப் பிடிக்கும். போனதும் பெருமூச்சு விடும். அவன் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜனங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். கோல் எதுவும் விழவில்லை.

இரண்டாம் பாதியில், ஏறக்குறைய எழுபதாவது நிமிஷத்தில், திடீரென்று அவனுக்கு ஆட்டம் வந்தது. பந்தை வலதுபக்கம் கொடுத்தான், ஓடினான், திரும்ப வாங்கினான், ஒரே தொடுகையில் இரண்டு பேரைத் தாண்டிப் பெனால்டி எல்லைக்குள் போனான். அதை நான் ரசித்தேன், பொய் சொல்லவில்லை. ரசித்த அதே கணத்தில் வயிறு எரிந்தது. மாவட்ட அணித் தடுப்பாட்டக்காரன் பின்னால் வந்து காலை நீட்டினான். அந்தக் கால் பந்தில் படவில்லை. ஜெஸ்வினின் இடது குதிகாலில் பட்டது. அவன் விழுந்தான்.

நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். நடுவில் ஆள் இல்லை. வெயில் என் முதுகுப் பக்கம். அவ்வளவு தெளிவாக நான் பார்த்த தப்பாட்டம் என் வாழ்க்கையில் நாலைந்துதான் இருக்கும்.

மைதானம் முழுக்க எழுந்து நின்று அவன் பெயரைச் சொன்னது. "ஜெஸ்வின்! ஜெஸ்வின்!" விசில் என் வலது கையில். வாய்க்கு எடுத்துப் போகிற அந்த ஒரு நொடியில் நான் சத்தத்தைக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் என் பெயரை இரண்டு பேர் சேர்ந்து கத்தியதில்லை என்று நினைத்தேன். விசிலை ஊதினேன். பெனால்டிப் புள்ளியைக் காட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அவனுக்கு மேலே நீட்டினேன். அடிபட்ட மாதிரி நடித்து விழுந்ததற்காக.

ஜெஸ்வின் தரையிலிருந்தபடியே என்னைப் பார்த்தான். "மாமா?" என்றான். அவ்வளவுதான்.

ஜனங்கள் என்மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மதில் மேலிருந்து ஒருவன் கத்தினான்: "மிக்கேல் அண்ணன் அட்டை எடுத்தா அது நடிப்புதாம்லே! வெளியூரு போயி இதைத்தான் படிச்சிட்டு வந்திருக்கான்!" அது பற்றிக்கொண்டது. சுற்றிலும் கூச்சல். அரை நிமிஷத்துக்கு முன் அவன் பெயரைச் சொன்ன வாய்களெல்லாம் "நடிகன், நடிகன்" என்றன. பொய் சொல்லாதவன் என்று எனக்கு இருந்த பெயரால் அவனை நான் அடித்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் பயிற்சியாளர் அவனை வெளியே எடுத்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆட்டம் முடிந்து அறையில் சாமுவேல் சார் பென்சிலோடு காத்திருந்தார்.

"நான் எதிர்ப்பக்கம் இருந்தேன். எனக்கு மறைச்சிட்டு" என்றார். "கால் பட்டுதா?"

"படல சார்."

"பக்கத்துல இருந்தியா?"

"பத்தடி சார்."

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சரி" என்று எழுதிக்கொண்டார். என் கணக்கில் எப்போதும் ஏதாவது ஒன்றைக் கழிக்கிறவர், அன்று எதையும் கழிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து யாரோ போனில் எடுத்த வீடியோ சுற்றத் தொடங்கியது. கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. குதிகாலில் கால் படுவது அப்பட்டமாகத் தெரிந்தது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? "பாவம், அண்ணனுக்கு வயசாயிட்டு. கண்ணு தெரியல." எனக்காக அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

ஃபுளோரா மட்டும் வாங்கவில்லை. சமையலறையில் நின்று வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். பிறகு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"வெளித்துறைமுகத்துல நிக்கிற கப்பல் பேர இங்கனருந்து வாசிக்கிற ஆளு நீங்க" என்றாள். "நீங்க பாத்தீய."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தப் பிள்ள என்ன செஞ்சான் உங்கள?"

"ஒண்ணும் செய்யல."

"அப்ப?"

என் கண் மேசை மேலிருந்த அவள் ஜெபமாலைக்குப் போனது. அவளும் அதைப் பார்த்தாள். பிறகு, "நான் அவனுக்கு ஜெபம் பண்ணுனதுக்கா?" என்று கேட்டாள். குரல் இறங்கிவிட்டது. நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று என்னோடு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் லூர்து வீட்டுக்குப் போனேன். ஜெஸ்வின் அன்று மதியம் கிளம்புவதாக இருந்தான். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். கிளப் அவனை விட்டுவிட்டது, போனில் தகவல் வந்திருந்தது. வேறு ஊரில், கீழ்மட்டப் போட்டிகளில் ஆடுகிற ஒரு சின்ன அணிக்குத் தேர்வுக்குப் போகிறானாம். லூர்து கடலுக்குப் போயிருந்தார்.

"ஏலே, நான் பாத்தேன்" என்றேன். "கால் பட்டதப் பாத்தேன். தெரிஞ்சுதான் குடுக்கல."

அவன் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தான். "ஏன் மாமா?"

"பொறாமை."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "எம்மேலயா? நான் போன வருஷம் முழுக்க, இந்த ஊரு என்னைய மறந்துட்டா போதும்னு கெடந்தேன். ஒரு பாஸ் தப்பாப் போனா போனைத் தொறக்கவே பயம். நீங்க அதுக்கா பொறாமப்பட்டீய?"

"ஆமா."

"அப்ப எல்லார்ட்டயும் சொல்லுங்க. கண்ணு தெரியலன்னு இல்ல. இதைச் சொல்லுங்க. நான் போற இடத்துக்கெல்லாம் அந்த 'நடிகன்' பின்னால வருது."

மன்னிப்பதாக அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே சாயர்புரம் பஸ் ஏறினேன். சாமுவேல் சார் வீட்டு முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார். உள்ளே போய் அந்த ஆட்டத்து அறிக்கையின் நகலை எடுத்து வந்தார்.

"இதுக்குக் கீழ எழுது" என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். "பொறாமையால்" என்று தொடங்கினேன்.

"அத எழுதாத. அது உன் பாடு. சங்கத்துக்கு அது தேவையில்லை. 'பார்த்தேன். கொடுக்கவில்லை. அட்டையும் தவறு.' இவ்வளவு போதும்."

எழுதினேன். அவர் வாங்கிப் படித்தார். தன் பென்சிலை எடுக்காமல் என் பேனாவைக் கேட்டு வாங்கினார். எனக்குப் போட்ட மதிப்பெண்ணை அடித்துவிட்டு, "மதிப்பீட்டாளர் கேட்டதை நம்பினார், பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பின் அவர் எந்த ஆட்டத்துக்கும் மதிப்பெண் போட வரவில்லை. உடம்பு முடியவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னார். ஒன்றரை வருஷத்தில் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போனேன், பின்வரிசையில் நின்றேன்.

சங்கம் என்னை நடுவர் பட்டியலிலிருந்து எடுத்தது. செய்தி ஒரே நாளில் கடற்கரை முழுக்கப் பரவியது, காரணம் மட்டும் வெளியே வரவில்லை. இப்போது ஊர் என்னைத் திட்டியது. டீக்கடைப் பக்கம் போனால் பேச்சு நிற்கும், தாண்டியதும் தொடங்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: தாண்டிப் போன பிறகு ஒருநாள் மெதுவாக நடந்தேன், என்ன சொல்கிறார்கள் என்று கேட்க. நாலு பேர் சேர்ந்து என் பெயரைச் சொல்வதைக் கேட்க. அப்போதுதான் என் நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்று எனக்கே புரிந்தது.

லூர்து இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், வலை, மீன், மழை இவற்றைப் பற்றி மட்டும்.

ஜெஸ்வினை அந்தச் சின்ன அணி எடுத்துக்கொண்டது. இன்னும் அங்கேதான் ஆடுகிறான். பெரிய திரையெல்லாம் எடுத்தாகிவிட்டது. ஊர் இப்போது வேறொருவன் படத்தைப் பேனரில் வைத்திருக்கிறது. சென்ற வருஷம் தன் தங்கை கல்யாணத்துக்கு ஜெஸ்வின் வந்திருந்தான். கோவில் வாசலில் என்னைப் பார்த்து அவனாகவே வந்தான். தோள் அகன்றிருந்தது. முகத்தில் பழைய கலக்கம் இல்லை.

"எப்படில இருக்கு அங்க?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு மாமா. கூட்டமே கெடையாது. ஒரு எரநூறு பேரு வருவாவ. நான் தப்புப் பண்ணுனா அவங்க பாட்டுக்குக் கடலை தின்னுட்டு இருப்பாவ." சிரித்தான். "இப்பத்தான் நல்லா ஆடுதேன்."

பிறகு என்னை நேரே பார்த்து, "ஆனா அது பெனால்டிதான்" என்றான்.

"பெனால்டிதான்" என்றேன்.

ஃபுளோரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். அவனோடு ஒரு படம் வேண்டுமாம். போனை என் கையில் கொடுத்தாள். அவர்கள் இருவரும் வாசல் படியில் நின்றார்கள். அவன் எந்த அவசரமும் இல்லாமல் நின்றான். யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்று அவன் கண் தேடவே இல்லை. அப்படி நிற்க எனக்கு இந்த வயதுவரை வந்ததில்லை. எனக்குள் அந்தப் பழைய எரிச்சல் எழுந்தது. அது எழுந்ததைப் பார்த்துக்கொண்டே, இருவர் முகமும் தெளிவாக விழும்படி படத்தை எடுத்துக் கொடுத்தேன்.